ஜெட் ஸ்கி அடியில ஓட்டை: பட்டி பூசினா போதுமா?

கேள்வி: சார், கரைக்குத் திரும்புறப்ப பாறையில ஏறி என் ஜெட் ஸ்கியோட ஹல் (தண்ணியில மிதக்குற அடி உடம்பு) முன்பக்கம் அடியில உள்ளங்கை அகலத்துக்கு நொறுங்கிடுச்சு, நடுவுல ஓட்டையே விழுந்துடுச்சு. பாலியஸ்டர் ரெசின், மேட் (கண்ணாடி நார் விரிப்பு), ஹார்டனர் (ரெசினை இறுக வைக்குறது) எல்லாம் சேர்ந்த கிட் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். மேல ரெண்டு லேயர் ஒட்டி பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா போதும்னு நண்பர் சொல்றார். சரியா?

பதில்: போதாதுங்க, அந்தக் கிட்டை திருப்பிக் குடுக்க முடியுமான்னு முதல்ல பாருங்க. ரெசின் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்க ஹல் என்ன சரக்குன்னு தெரியணும். எல்லாத்தையும் நாம ஃபைபர்னு ஒரே பேர்ல சொல்லிடுறோம், ஆனா அதுல குறைஞ்சது மூணு ரகம் இருக்கு. கையால மேட் போட்டு ரெசின் தடவி செஞ்ச பழைய மாதிரி ஹல் ஒண்ணு, உள்பக்கம் பார்த்தீங்கன்னா துணி நெசவு இல்லைன்னா மேட் நார் சொரசொரன்னு தெரியும். ரெண்டாவது எஸ்எம்சி, அதாவது வெட்டின கண்ணாடி நாரும் ரெசினும் கலந்த ஷீட்டை சூடான டையில (அச்சுல) வச்சு அழுத்தி எடுக்குறது, ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கும். யமஹா ஜெட் ஸ்கியில வர்ற நானோஎக்செல்ங்கிற சரக்கு கூட இந்தக் குடும்பம்தான். மூணாவது பிளாஸ்டிக், அதைப் பத்தி கீழ ஒருத்தர் கேட்டிருக்கார்.

எஸ்எம்சியில என்ன சிக்கல்னா, டையில ஒட்டாம கழண்டு வரணும்னு கலவைக்குள்ளயே ஜிங்க் ஸ்டியரேட் மாதிரி ஒரு வழுக்குப் பொருளைச் சேர்த்துடுவாங்க. அது மேல்தோல்ல மட்டும் இல்ல உடம்பு முழுக்க இருக்கு, எவ்வளவு தேய்ச்சாலும் புதுசா வெளிய வர்ற முகத்துலயும் இருக்கும். பாலியஸ்டர் அதுமேல பிடிச்ச மாதிரி காட்டும், ஆனா ரெண்டு அலையில அடி வாங்கினா ஓரம் எழும்பி முழு பேட்சும் தகடா உரிஞ்சு வந்துடும். எபாக்ஸின்னு இன்னொரு வகை ரெசின் இருக்கு, அது அப்படி இல்ல, ஒட்டுறதுல அதுக்குன்னு தனி பலம் இருக்கு. அதனால எஸ்எம்சியா கைவேலை ஹல்லான்னு சந்தேகமா இருந்தாலும் எபாக்ஸியே போடுங்க, ரெண்டுலயும் நிக்கும்.

கிட்ல இருக்குற மேட்டையும் தூக்கி ஓரமா வைங்க. சாதாரண சாப் மேட்ல, அதாவது வெட்டின நார் மேட்ல, நாரைப் பிடிச்சு வச்சிருக்குற பசை, பாலியஸ்டர்ல இருக்குற ஸ்டைரீன்ல கரையுற மாதிரி செஞ்சது, எபாக்ஸியில ஸ்டைரீன் கிடையாது, அதனால மேட் விறைப்பா நிக்கும் வளைவுல படியாது. தச்ச பையாக்சியல் துணி (ரெண்டு திசையில நாரை அடுக்கித் தச்சது), இல்லைன்னா நெய்த துணி வாங்குங்க.

இனி வேலை. சீட்டைக் கழட்டி, பேட்டரி கனெக்‌ஷனை எடுத்துட்டு, உள்ள பெட்ரோல் வாசனை சுத்தமா போற வரைக்கும் காத்தாட விடுங்க, அப்புறம்தான் கிரைண்டர். ஹல்லுக்குள்ள மிதவைக்கு ஃபோம் அடைச்சிருப்பாங்க, ஓட்டை பக்கத்துல அது தண்ணி குடிச்சிருந்தா வெட்டி எடுத்துடுங்க, ஈரத்து மேல போட்ட ரெசின் எதுக்கும் பிரயோஜனம் இல்ல. அப்புறம் சோப்புத் தண்ணி, காய்ஞ்சதும் அசிட்டோன், ஒரு துணியால தடவி அது காயுறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணியால எடுக்கணும். இதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதுக்கு முன்னாடி செய்யணும், நிறைய பேர் தேய்ச்ச பிறகுதான் துடைக்கிறாங்க, அதுக்குள்ள பழைய வாக்ஸும் கிரீஸும் உப்புத்தாள் போட்ட கோட்டுக்குள்ள இறங்கிடும்.

ஒரு காசை வச்சு உடைஞ்ச இடத்தைச் சுத்தித் தட்டிக்கிட்டே வாங்க, டக் டக்னு கேட்டா நல்ல இடம், பொத்துன்னு கேட்டா உள்ள லேயர் பிரிஞ்சிருக்கு. பொத்துன்னு கேக்குறது அத்தனையும் போகணும். விரிசல் நீளமா ஓடியிருந்தா அதோட முனையில சின்னதா ஒரு டிரில் ஓட்டை போட்டா மேல ஓடாது.

அடுத்து சரிவு. இதுலதான் உங்க நண்பரோட யோசனை தோத்துப் போகுது. உடைஞ்ச ஓரத்துல இருந்து வெளிய பார்த்து கனத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவா தேய்ச்சு எடுக்கணும். ஹல் 4 மி.மீ. கனம்னா ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 5 செ.மீ., அப்ப 8 செ.மீ. ஓட்டைக்கு 18 செ.மீ. வட்டம் தேய்க்கணும். நல்லா இருக்குற ஹல்லை இவ்வளவு தேய்க்கணுமான்னு வயிறு எரியும்தான், ஆனா ஒட்டுறது அந்தச் சரிவுலதான், ஓட்டையில காத்துதான் இருக்கு. 40 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 80ல முடிங்க, பளபளப்பா ஒரு புள்ளி கூட இருக்கக் கூடாது.

முதல்ல வெறும் எபாக்ஸியைப் பிரஷ்ல ஒரு பூச்சு, அது பிசுக்கா இருக்குறப்பவே துணி. 600 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 600 கிராம்) பையாக்சியல் கையால போட்டா ஒரு லேயர் சுமாரா 0.7 மி.மீ. வரும், அப்ப 4 மி.மீ.க்கு 6 லேயர். பெரிய துண்டு முதல்லயா சின்னது முதல்லயான்னு இதுல ரெண்டு கட்சி உண்டு. நான் பெருசு முதல்ல கட்சி, ஏன்னா பெரிய துண்டு சரிவு முழுக்க பழைய ஹல்லை நேரடியா பிடிக்குது, கடைசியில மட்டம் தட்டுறப்ப தேயுறது மேல இருக்குற சின்ன துண்டுதான். ரோலர் போட்டு காத்தை வெளியேத்துங்க, துணி நனைஞ்சு கண்ணாடி மாதிரி தெரியணும், அதுக்கு மேல ரெசின் ஊத்தினா கனம்தான் கூடும் பலம் கூடாது. ஒரே நேரத்துல ஆறையும் போட்டா சூடு ஏறும், மூணு போட்டு சூடு தணிஞ்சு இன்னும் பிசுக்கா இருக்குறப்ப மீதி மூணு போடலாம்.

பட்டி கடைசியில, மட்டம் சரி பண்றதுக்கு மட்டும், அதுவும் எபாக்ஸியில சிலிக்கா பவுடர் கலந்தது.

கேள்வி: என்னோடதுல ஓட்டை விழுந்த இடத்துக்கு உள்ளேருந்து கையே போகாது, இன்ஜின் மறைக்குது. வெளியேருந்து மட்டும் போட்டா துணி உள்ள விழுந்துடாதா?

பதில்: விழும், அதனால பின்னாடி ஒரு தட்டு வேணும். பிளாஸ்டிக் ஷீட் மேல ரெண்டு லேயர் துணியை எபாக்ஸியில நனைச்சு காய வச்சா மெல்லிசா ஒரு தகடு கிடைக்கும். ஓட்டையை நீள்வட்டமா வெட்டுங்க, தகட்டையும் அதே வடிவத்துல கொஞ்சம் பெருசா வெட்டினா குறுக்குவாட்டுல சாய்ச்சு உள்ள விட்டுத் திருப்பிடலாம். நடுவுல ரெண்டு சின்ன துளை போட்டு கம்பி கோத்து, ஓரத்துல கெட்டியான எபாக்ஸி தடவி, கம்பியை வெளியே இழுத்து ஒரு குச்சியில முறுக்கிக் கட்டிடுங்க. தகட்டோட ரெண்டு முகத்தையும், ஹல் உள்பக்கம் எட்டுற வரைக்கும் ஓரத்தையும் தேய்ச்சிருக்கணும். காய்ஞ்சதும் கம்பியை வெட்டிட்டு மேல சொன்ன மாதிரி லேயர் போடுங்க.

கேள்வி: எபாக்ஸி போட்டு மூணு நாள் ஆச்சு, விரல் வச்சா இன்னும் ஒட்டுது. சீக்கிரம் காயட்டும்னு ஹார்டனரைக் கொஞ்சம் தூக்கலா ஊத்தினேன், அதுவா காரணம்?

பதில்: அதுதான். பாலியஸ்டர்ல எம்ஈகேபிங்கிற ஹார்டனரை 1ல இருந்து 2 சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன போடலாம், வெயிலுக்குக் குறைச்சு குளிருக்குக் கூட்டுவாங்க, அந்தப் பழக்கத்துல எபாக்ஸியிலயும் செஞ்சுடுறாங்க. எபாக்ஸியில ரெசினும் ஹார்டனரும் ஜோடி சேர்ந்துதான் இறுகும், ஜோடி கிடைக்காத மிச்ச ஹார்டனர் பிசுக்காவே உள்ள கிடக்கும். வேகம் வேணும்னா வேகமான ஹார்டனர் தனியா வாங்கணும். தராசு வச்சு அளங்க, டப்பாவுல எடைக்கு ஒரு கணக்கும் கொள்ளளவுக்கு ஒரு கணக்கும் போட்டிருப்பாங்க ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஆனா ஒண்ணு, கீழ கல்லு மாதிரி இறுகி மேல மட்டும் மெழுகு மாதிரி வழுக்குதுன்னா அது வேற, ஈரக் காத்துல ஹார்டனர்ல இருக்குற அமீன் மேல வந்து படியுறது. தண்ணி ஊத்தி பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால தேய்ச்சா போயிடும், அதுக்கப்புறம்தான் உப்புத்தாள். உங்களோடது நகம் வச்சா பள்ளம் விழுதுன்னா அத்தனையும் சுரண்டி எடுக்குறதைத் தவிர வழி இல்ல, அது மேல எதைப் போட்டாலும் நிக்காது.

கேள்வி: என்கிட்ட இருக்குறது சீ-டூ ஸ்பார்க் ஜெட் ஸ்கி. இதே முறையா?

பதில்: இல்ல. அதோட பாலிடெக் ஹல் கண்ணாடி நார் சேர்த்த பாலிப்ரொப்பிலீன், அதுல எபாக்ஸியும் பிடிக்காது பாலியஸ்டரும் பிடிக்காது. பிளேடால சுரண்டினா தூளா வராம சுருளா வரும், அதுதான் அடையாளம். பாலிப்ரொப்பிலீன் கம்பி வச்சு பிளாஸ்டிக் வெல்டிங் பண்றவங்ககிட்ட குடுங்க.

கேள்வி: ஹல் எபாக்ஸியில ரெடி ஆயிடுச்சு. மேல ஜெல்கோட் (ஹல்லோட பளபளப்பான மேல்பூச்சு) அடிக்கலாமா, பெயிண்ட்டா? எப்ப தண்ணியில இறக்கலாம்?

பதில்: ஜெல்கோட் பாலியஸ்டர் வகை, எபாக்ஸி மேல அதை நம்ப முடியாது, இறுகாம சதி பண்ணும். எபாக்ஸி பிரைமர் அடிச்சு மேல ரெண்டு பாகம் கலக்குற பாலியூரித்தேன் பெயிண்ட் அடிங்க. தேய்க்கிறப்ப துகள் மாஸ்க், பெயிண்ட் அடிக்கிறப்ப ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க், துணி மாஸ்க் எதுக்கும் ஆகாது, அந்த பெயிண்ட்ல மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட்ங்கிற வேதிப்பொருள் இருக்கு, ஸ்ப்ரே பண்றதா இருந்தா வெளிக்காத்து வர்ற மாஸ்க் வச்சிருக்குற ஆள்கிட்டயே விட்டுடுங்க.

சாதா வெப்பத்துல எபாக்ஸி முழுசா இறுக ஒரு வாரம் விடுங்க. இறக்குறதுக்கு முன்னாடி டிரெய்லர்ல வச்சே, பேட்ச் நனையுற அளவுக்கு மட்டும் ஹல்லுக்குள்ள தண்ணி விட்டு வெளிப்பக்கம் ஓரத்தைச் சுத்தி உலர்ந்த டிஷ்யூ ஒட்டி வைங்க. நனைஞ்சா கசிவு. நனையலைன்னா டிரெய்ன் பிளக்கைத் திறந்து தண்ணியை வடிச்சுட்டு, மறக்காம திரும்ப மாட்டிட்டு இறக்குங்க.