கேள்வி பதில்: வர்ணனை வேறு, கவித்துவம் வேறு

கேள்வி: பிரேசில் நாவல்கள் என்றாலே கவித்துவம் என்று எழுதுகிறீர்கள். உங்களை நம்பி கிராசிலியானோ ராமோஸின் ‘விதாஸ் செகாஸ்’ நாவலை ஆங்கிலத்தில் வாங்கிப் படித்தேன். வறட்சி, பசி, மாடு, முள். நிலா வர்ணனை ஒன்றுகூட மனசில் நிற்கவில்லை. இதில் கவிதை எங்கே ஐயா இருக்கிறது?
- வாசகர், விருதுநகர்

பதில்: நிலா வேண்டுமென்றால் நீங்கள் 1865-க்குப் போயிருக்க வேண்டும். ஜோசே டி அலென்காரின் ‘இராசெமா’ அந்த வருஷம்தான் வந்தது. சியரா மாநிலத்துப் பச்சைக் கடலை அழைத்துப் பேசியபடி ஆரம்பிக்கிறது. பழங்குடிப் பெண்ணான நாயகிக்கு உதட்டில் தேன். கூந்தல் கருங்குருவியின் சிறகைவிடக் கறுப்பு. பனைபோல் நெடிய அவள் உடம்பையும் தாண்டி நீளுகிறது. கேசாதிபாத வர்ணனையில் ஊறிய நமக்கு இது ரொம்பப் பழகின சங்கதி. நல்ல நூல்தான். ஆனால் எனக்குப் பாதியிலேயே திகட்டிவிடும்.

ராமோஸ் அதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர். வடகிழக்கில் அலகோவாஸ் மாநிலத்துக்காரர். 1928 முதல் 1930 வரை பால்மெய்ரா டோஸ் இந்தியோஸ் என்ற சிற்றூருக்கு மேயர். ஆளுநருக்கு அவர் அனுப்பிய ஆண்டறிக்கைகளைப் படித்த பதிப்பாளர் ஒருவர், இப்படி எழுதுகிறவரிடம் நிச்சயம் ஒரு நாவல் இருக்கும் என்று கேட்டு வாங்கினாராம். சாலை, குப்பை, வரிவசூல் பற்றிய அறிக்கை! அந்தக் கை எழுதிய நாவலில் போய் நிலாவைத் தேடலாமா?

சரி, கிளியை நினைவிருக்கிறதா? பஞ்சம் பிழைக்கப் போகும் ஃபாபியானோ குடும்பத்தோடு ஒரு கிளியும் போகிறது. அது பேசாது. அந்தக் குடும்பத்தில் யாருமே அதிகம் பேசுவதில்லை, காதில் விழுந்தால்தானே கற்றுக்கொள்ளும்? நாய் குரைப்பதைக் கேட்டு அதுவும் குரைக்கும். கடைசியில் பசி தாங்காமல் அதையே அடித்துத் தின்றுவிடுகிறார்கள். பேசாத கிளியை வைத்திருந்து என்ன பிரயோஜனம் என்று வீட்டுக்காரி சின்யா வித்தோரியா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். இந்தப் பகுதியில் துயரம் என்று ஆசிரியர் தன் வாயால் எதையும் சொல்லவில்லை. எனக்கு இதுதான் கவிதை.

அப்புறம் அந்த நாய், பலேயா. முடி கொட்டி, விலா எலும்பு தெரிய, வாயெல்லாம் புண். வெறிநோய் என்று பயந்து ஃபாபியானோ துப்பாக்கியை எடுக்கிறான். உள்ளே சின்யா வித்தோரியா பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று காதைப் பொத்துகிறாள். குண்டு பின்பக்கத்தில் பட்டு, நாய் மூன்று காலில் இழுத்துக்கொண்டு ஓடி விழுகிறது. யார் சுட்டது, ஏன் சுட்டார்கள் என்று அதற்குப் புரியவே இல்லை. ஆடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று கவலைப்படுகிறது. பிறகு உலகம் முழுக்கக் கொழுத்த பிரேயாக்கள் (அங்கே புதரில் திரியும் சின்னப் பிராணி, கினிப்பன்றி ஜாதி) துள்ளி ஓடுவதாகக் கனவு காண்கிறது. அந்த வீட்டுக்காரி வாழ்நாளெல்லாம் ஆசைப்படுவது ஒரு தோல் கட்டிலுக்கு. அதோடு வைத்துப் பாருங்கள், குடும்பத்திலேயே பெரிய கனவு நாயினுடையதுதான்.

1936-ல் அப்போதைய பிரேசில் அதிபர் வார்காஸின் அரசு ராமோஸைப் பிடித்துச் சிறையில் போட்டது. வெளியே வந்த 1937-ல் இந்த நாய் அத்தியாயத்தைத்தான் முதலில் சிறுகதையாக எழுதினார். அதைச் சுற்றி மற்ற அத்தியாயங்கள் சேர்ந்து 1938-ல் நாவலாயிற்று. அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை, மெதுவாகப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: க்ளாரிஸ் லிஸ்பெக்டரில் எதைப் படித்தாலும் இருபது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. தப்பு என்னிடமா, அவரிடமா?
- வாசகி, கோவை

பதில்: எந்த இருபது பக்கம் என்று சொல்லவில்லையே. ‘அக்வா விவா’வைக் கையில் எடுத்திருந்தால் பாவம் நீங்கள். கதை, பாத்திரம் என்று பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் கிடையாது. அவர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசி நாவலான ‘நட்சத்திரத்தின் நேரம்’ நூலில் தொடங்குங்கள். 1977-ல் வெளிவந்தது, அந்த டிசம்பரிலேயே அவர் போய்விட்டார். நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

மக்காபேயா என்ற பெண். அலகோவாஸிலிருந்து வந்து ரியோவில் தட்டச்சு வேலை பார்க்கிறாள், அதிலும் பிழை மலிந்த தட்டச்சு. ஹாட் டாக் தின்று, கோக்கோ கோலா குடித்து வாழ்கிறாள். மணியும் துண்டுச் செய்திகளும் சொல்லும் ரேடியோதான் அவளுக்குத் துணை. ஒருநாள் அதில் கரூஸோ பாடிய இத்தாலிய ஆப்பெரா பாட்டு வருகிறது. ஒரு சொல்லும் புரியாது, ஆனால் அழுதுவிடுகிறாள். ஏன் அழுதோம் என்று காதலனிடம் விளக்கப் பார்க்கிறாள், அவளிடம் அதற்கு வார்த்தை இல்லை. அவனுக்கோ கேட்கும் பொறுமை இல்லை. ராமோஸின் ஆட்களுக்கு இவள் சொந்தக்காரி என்றே எனக்குத் தோன்றும். ஊரும் அதே ஊர்ப்பக்கம்தான்.

கேள்வி: ஜோர்ஜ் அமாடோ உங்கள் பட்டியலில் வருவதே இல்லையே?
- வாசகர், சேலம்

பதில்: ‘கப்ரியேலா’வை ரசித்துப் படித்திருக்கிறேன். நாயகி சமையல்காரி என்பதால் கூடவே பசியும் எடுக்கும். அவர் கதைசொல்லி, இங்கே பேச்சு வேறு.

கேள்வி: ராதுவான் நாசர் எழுத்தை விட்டுவிட்டு விவசாயம் பார்க்கப் போனது உண்மையா? சொற்களை அப்படிக் கொட்டியவரால் எப்படி நிறுத்த முடிந்தது?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மைதான். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். ‘லவோரா அர்காயிகா’ 1975-ல், ‘ஒரு குவளைக் கோபம்’ 1978-ல், தவிர கொஞ்சம் சிறுகதைகள். 1984-ல் இலக்கியத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு நிலத்துக்குப் போனார். பிற்பாடு அந்தப் பண்ணையையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். 2016-ல் போர்ச்சுகீசிய மொழியின் பெரிய விருதான கமோயன்ஸ் அவரைத் தேடி வந்தது. எப்படி நிறுத்த முடிந்தது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். நான் வாராவாரம் பத்தி எழுதிப் பிழைக்கிறவன்.

சொற்கள் கொட்டுவது பற்றி. ‘லவோரா அர்காயிகா’வில் வீட்டைவிட்டு ஓடிப்போன ஆந்த்ரே ஒரு விடுதி அறையில் கிடக்கிறான். அண்ணன் பெத்ரோ அழைத்துப்போக வருகிறான். தம்பி பேசத் தொடங்கினால் வாக்கியம் பக்கக்கணக்கில் முடியாமல் ஓடும். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். தலைமாட்டில் அப்பா. அவருக்கு வலப்பக்கம் வயசு வரிசையில் பெத்ரோவும் மூன்று சகோதரிகளும். இடப்பக்கம் அம்மா, அப்புறம் ஆந்த்ரே, தங்கை ஆனா, கடைக்குட்டி லூலா. வலப்பக்கம் அடிமரத்திலிருந்து ஒழுங்காக வளர்ந்த கிளையாம். இடப்பக்கம் அம்மாவின் மிதமிஞ்சிய பாசத்தால் கோணிப்போன கிளையாம். எதிர்முனையில் தாத்தா, அவர் செத்த பிறகும் அந்த நாற்காலி காலியாகிவிட்டது என்று சொல்ல முடியாது என்கிறான் ஆந்த்ரே. அந்த மேசையில் அப்பா பொறுமையையும் காலத்தையும் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். அந்தப் பிரசங்கமே கேட்க அவ்வளவு அழகாக இருக்கிறது என்பதுதான் கொடுமை. மகனுடைய காட்டாற்றுப் பேச்சு அதிலிருந்து கிளம்பி அதையே அடித்துப் போகிறது. இத்தனை சத்தத்துக்கு நடுவில் தங்கை ஆனா வாயே திறப்பதில்லை. ஆடுகிறாள். நாவலின் உச்சம் அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: மச்சாடோ டி ஆசிஸ் கவித்துவக்காரரா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை, குறும்புக்காரர். செத்துப்போனவன் சொல்வதாக அவர் எழுதிய 1881-ஆம் ஆண்டு நாவலில் காதலர் உரையாடல் ஓர் அத்தியாயம் முழுக்க வெறும் புள்ளிகளாகவே அச்சாகியிருக்கும். அதைக் கவிதைக் கணக்கில் சேர்க்க நான் தயார், அவர் சம்மதிக்க மாட்டார்.

கேள்வி: கிமராயின்ஸ் ரோசாவின் ‘கிராண்டே செர்த்தோ’வைப் பாதியில் மூடிவிட்டேன். அத்தியாயமே கிடையாது, மூச்சு முட்டுகிறது. தியாதோரிம் பற்றிய ரகசியத்தை மட்டும் சொல்லிவிடுங்களேன்.
- வாசகி, மதுரை

பதில்: வீட்டுக்கு வந்த படித்த விருந்தாளியிடம் ரியோபால்டோ என்ற பழைய ஆயுதக்கூட்டத்துக்காரன் பேசிக்கொண்டே போகிற நாவல் அது. விருந்தாளியின் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. பேச்சில் ஏது அத்தியாயம்? ரோசா மருத்துவர், தூதரக அதிகாரி. ஆனாலும் 1952-ல் கழுத்தில் நோட்டுப்புத்தகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு மினாஸ் ஜெராயிஸ் மாட்டுக்காரர்களோடு மந்தைக்குப் பின்னால் போனவர். நாவல் வந்தது 1956-ல். ஆகவே அவசரப்படாமல், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தோழன் தியாதோரிம் மேல் தனக்கு ஏன் இப்படி ஓர் ஆசை என்று புரியாமல் அந்த மனிதன் நாவல் முழுக்கத் தவிக்கிறான். நீங்கள் மட்டும் பாதியிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமா? சொல்ல மாட்டேன்.