தடை இல்லை என்பதற்காகப் பண்டிகைக்கு ஊருக்குப் போகலாமா?

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், பயணத்தடை இல்லாதபோது, பண்டிகைக்குக் கொழும்பிலிருந்து ஊருக்குப் போவதில் என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனைப் போல நீங்களும் கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்து வேலை பார்ப்பவராகத்தான் இருக்க வேண்டும். திருகோணமலையில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தகப்பனாக இதை எழுதுகிறேன்.

2020இல் தீபாவளி நவம்பர் 14ஆம் திகதி வந்தது. மினுவாங்கொடை, பேலியகொடைத் தொற்றுக் கொத்தணிகளுக்குப் பின்னர் நோய் பரவியிருந்ததால், 11ஆம் திகதி நள்ளிரவு முதல் 15ஆம் திகதி வரை கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்தை விட்டு எவரும் வெளியேறக் கூடாது என்று அறிவித்தார்கள். நள்ளிரவுக்கு முன்னர் பேருந்து ஏறிவிடுகிறேன் என்றான் மகன். வர வேண்டாம் என்றேன். தடைக்கு முந்திய அந்த ஒரே மாலையில் ஊருக்குப் போக நினைத்தவர்கள் எல்லோரும் முண்டியடித்து ஏறினால், தடை எதைத் தடுக்க வந்ததோ அதுவே ஆறேழு மணி நேரம் பூட்டிய கண்ணாடிகளுக்குள் நடந்துவிடும் என்பது என் கணக்கு. மனைவி இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. அவனுக்கென்று சுட்ட பயற்றம் பணியாரம், பிஸ்கற் தகரத்தில், நத்தார் வரை அலுமாரியின் மேல் இருந்தது.

2021 சித்திரைப் புத்தாண்டுக்குத் தடை இருக்கவில்லை. நானும் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன். ஹபரணையில் தேநீருக்கு நிறுத்தியபோது, முகக்கவசம் தாடையில் தொங்க, ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நின்றதாக மகன் சிரித்தபடி சொன்னான். அடுத்த வாரம் மனைவி நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்து மூக்கருகே பிடித்தபடி, மணமே இல்லையே என்று நின்றாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினார். அம்மாத இறுதியில் நாடு முழுவதும் நாளாந்தத் தொற்றாளர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. மே மாதம் மூடப்பட்டு, இடையில் சிறிது காலம் தளர்த்தப்பட்டு, ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட மாகாண எல்லைகள் ஒக்டோபர் 31ஆம் திகதிதான் திறந்தன.

மகன்தான் கொண்டுவந்தான் என்று நான் சொல்லவில்லை. சந்தைக்குப் போய்வந்தவன் நான், என்னாலும் வந்திருக்கலாம். திருத்த வருபவர்களுக்காக இதை இப்போதே எழுதிவிடுகிறேன். ஆனால் நவம்பரில் என்னைக் கல்நெஞ்சன் என்ற அதே உறவினர்கள், ஏப்ரலில் "ஏன் பிள்ளையைக் கூப்பிட்டாய்?" என்று கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

எனவே, தடை இல்லாவிட்டாலும் எல்லோரும் புறப்படும் நாளில் புறப்படாதீர்கள். 2021இல் தீபாவளி நவம்பர் 4ஆம் திகதி; எல்லை திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மகன் அதற்கும் பத்து நாள் கழித்து, பகல் பேருந்தில், திறந்த யன்னலோரம் இருந்து வந்தான். மனைவி அன்றுதான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.