நுகர்வோர் கேள்வி-பதில்: நாய், பூனை வைத்தியமும் அதன் ரசீதும்

கேள்வி: இணைய விளம்பரத்தைப் பார்த்து 18,000 ரூபாய்க்கு லாப்ரடார் குட்டி வாங்கினோம். 45 நாள் குட்டி, முதல் ஊசி போட்டாயிற்று என்றார் விற்றவர். மூன்றாம் நாள் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கின. பார்வோ என்றார் மருத்துவர். 9,000 ரூபாய் செலவழித்தும் குட்டி பிழைக்கவில்லை. விற்றவர் இப்போது அழைப்பை எடுப்பதில்லை. (வாசகி, திருச்சி)

பதில்: வருந்துகிறேன், அம்மா. ஏமாற்றியவர் அவர், நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. இனவிருத்தி செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் பெற்றிருக்க வேண்டும். பார்வோ கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும் என்பதால், வந்த மூன்றாம் நாளே படுத்துவிட்ட குட்டி விற்றவரின் இடத்திலேயே தொற்றைப் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். நோய் தொடங்கிய தேதியையும் பரிசோதனை முடிவையும் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், யூபிஐ பணப் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, குட்டியின் விலையையும் வைத்தியச் செலவையும் கேட்டுப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழிமுறையை 1915 என்ற எண்ணில் கேட்டறியலாம். இந்தக் கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவாமலும், மருத்துவரைக் கேட்காமலும் அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: பூனைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது பாரசிட்டமால் எந்த அளவு கொடுக்கலாம்? மருந்துக் கடையில் அரை மாத்திரை என்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

பதில்: துளியும் கொடுக்கக் கூடாது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரையே உயிரைப் பறித்துவிடலாம்.

கேள்வி: எங்கள் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடித்து, தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நாய் நலம். ரசீதில் ‘சிகிச்சைக் கட்டணம் 26,000’ என்ற ஒரே வரியும், அதன் கீழே 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் இருக்கின்றன. விவரம் கேட்டால், நாய் பிழைத்ததல்லவா என்கிறார்கள். (வாசகர், கோவை)

பதில்: நாய் பிழைத்தது மகிழ்ச்சி, அதற்காக வரி பிழையாகலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விலங்குகளின் உடல்நலம் தொடர்பாகக் கால்நடை மருத்துவமனை அளிக்கும் சேவைக்கு, ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த 2017 முதலே விலக்கு உண்டு. முடி திருத்துவதற்கும், ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச்செல்லும் காப்பகத்துக்கும் வரி உண்டு. தனியாக விற்கும் மருந்தில் எம்ஆர்பிக்குள்ளேயே வரி அடங்கிவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கு 4,680 ரூபாய் வரி எப்படி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு எண்ணையும் கேளுங்கள். அந்த எண் ரசீதில் இல்லாவிட்டால் பணம் அரசுக்குப் போயிருக்குமா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஒற்றை வரி ரசீதைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும்; பல காலமாக என் எரிச்சல் இது. மளிகைக் கடையில் கால் கிலோ கடுகுக்குத் தனி வரி எழுதுகிறார்கள். ஓர் உயிரை மயக்கத்தில் ஆழ்த்தி வயிற்றைத் திறந்தவர்கள் மட்டும் எல்லாவற்றையும் ‘சிகிச்சை’ என்ற ஒரு சொல்லில் மூடிவிடுகிறார்கள். மயக்க மருந்து எது, எந்த அளவு, இரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, எத்தனை பாட்டில் குளுக்கோஸ் ஏறியது, எந்த ஊசி எத்தனை முறை போடப்பட்டது என்பவை பணக் கணக்கு மட்டுமல்ல. நாளை வேறு ஊரில், வேறொரு மருத்துவரின் மேசையில் அதே நாய் படுத்திருக்கும்போது, வாயில்லாப் பிராணிக்காகப் பேசக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான். ஆகவே மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொரு செலவையும் தனித்தனி வரியில் காட்டும் ரசீது, சிகிச்சைக் குறிப்பின் நகல், மருத்துவரின் பெயரும் கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண்ணும் உள்ள மருந்துச் சீட்டு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் கால்நடை வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவைதான். நல்ல மருத்துவர்கள் கேட்பதற்கு முன்பே தந்துவிடுகிறார்கள். முகம் சுளிப்பவரிடம்தான் அவசியம் கேட்க வேண்டும்.

கேள்வி: ஒலியலையால் உண்ணியை விரட்டும் கழுத்துப்பட்டை 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: நான் வாங்கினேன். உண்ணி அந்தப் பட்டையின் மேலேயே ஊர்ந்தது. மருத்துவர் எழுதித் தரும் மருந்தை வாங்குங்கள்; நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தை வீட்டுப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள், அது பூனைக்கு நஞ்சு.

கேள்வி: மருத்துவர் 900 ரூபாய் வாங்கும் தடுப்பூசிக் குப்பி இணையத்தில் 400-க்குக் கிடைக்கிறது. என் மைத்துனர் கம்பவுண்டராக இருந்தவர். வீட்டிலேயே போட்டுக்கொண்டால் 500 மிச்சம்தானே? (வாசகர், வேலூர்)

பதில்: தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய பொருள். கூரியர் வண்டியில் வேலூர் வெயிலில் வந்த குப்பியில் வீரியம் மிச்சமிருக்கிறதா என்பதை உங்கள் மைத்துனர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மருத்துவர் வாங்கும் தொகையில் ஊசிக்கு முன் நாயைச் சோதிப்பதும், ஒவ்வாமை வந்தால் உடனே கவனிப்பதும், குப்பியின் ஒட்டியைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிக் கையெழுத்திடுவதும் அடங்கும். அந்தக் கையெழுத்து இல்லாத வெறிநாய்த் தடுப்பூசியை உரிமம் தருபவரும் ஏற்கமாட்டார், விமான நிறுவனமும் ஏற்காது. இதே கேள்வியை இன்னும் சிலரும் அனுப்பியிருக்கிறார்கள்; அனைவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: ஆண் பூனை நேற்றிலிருந்து சிறுநீர் கழிக்க முக்குகிறது, வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டணம் இரு மடங்கு. திங்கள் வரை பொறுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: பொறுக்கக் கூடாது என்று அன்றே தனியாகப் பதில் அனுப்பினேன். மற்றவர்களும் அறிந்துகொள்ளுங்கள்: ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். இரு மடங்குக் கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள், ரசீதோடு.

கேள்வி: தனியார் கட்டணம் தாங்கவில்லை. அரசு மருத்துவமனையை நம்பலாமா? (வாசகி, சென்னை)

பதில்: தாராளமாக நம்பலாம். வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. பல துறை வல்லுநர்கள் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள், கட்டணமும் தனியாரைவிடக் குறைவு. கூட்டம் இருக்கும், மாணவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள், காத்திருக்கவும் வேண்டும். விடியலில் கிளம்புங்கள், பழைய சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள், பூனையைக் கூடையில் அல்லாமல் பூட்டுள்ள கூண்டில் கொண்டுபோங்கள், ஏனெனில் அங்கே வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் நாயாகத்தான் இருக்கும்.