ரிங் மாற்றியும் ஆயில் குறைகிறதா?

எரியும் அறைக்குள் ஆயில் புகாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங், வால்வு சீல் இரண்டையும் மாற்றி 3,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது என்கிறீர்கள். புது ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்திப் பதிய இவ்வளவு தூரம் தாராளம். "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள்" என்ற மெக்கானிக்கின் ஆறுதலை நான் ஏற்க மாட்டேன்.

நீலப் புகை எப்போது வருகிறது? இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் வந்து அடங்கினால் காரணம் வால்வு சீல் அல்லது கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்). கைடு தேய்ந்திருந்தால் புதுச் சீலும் நெடுநாள் தாங்காது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் ரிங் மேல்தான் சந்தேகம். சிலிண்டரை ஹோனிங் செய்தார்களா, அதாவது உட்சுவரை லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார்களா என்று கேளுங்கள். கண்ணாடிபோல் வழுவழுத்துப்போன சுவரில் புது ரிங் சரியாகப் பதியாது.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை நன்றாக வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது காட்டுவது மேல் ரிங்குகளின் நிலையை. ஆயிலை வழித்துவிடும் அடி ரிங்கின் பழுது அதில் தெரியாமல் போகலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் ஆயில் படிந்து கறுத்திருந்தால், தேட வேண்டிய சிலிண்டர் அதுதான்.

இத்தனைக்கும் முன்னால் பிசிவி வால்வைச் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் எரிய அனுப்பும் வால்வு) சோதியுங்கள். சின்னப் பொருள்தான், ஆனால் அது கெட்டாலும் எஞ்சின் ஆயில் குடிக்கும்.