படப்பிடிப்பில் வரும் சிக்கல்கள் ஒரு திகில் படத்தை மேம்படுத்துமா?

மேம்படுத்தும், ஆனால் சிக்கல் மட்டும் போதாது, அதைச் சமாளிக்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும். எல்லோரும் சொல்லும் உதாரணம் 1975-ல் வந்த சுறா படம் 'ஜாஸ்'. எனக்கும் அதைவிடப் பொருத்தமானது தோன்றவில்லை.

ஸ்டுடியோ தொட்டி வேண்டாம், நிஜக் கடலில்தான் எடுப்பேன் என்று நின்றார் இயக்குநர் ஸ்பீல்பெர்க். இயந்திரச் சுறாவை உப்புநீரில் சரியாகச் சோதிக்காமலே கொண்டுபோனார்கள், அது அடிக்கடி படுத்துக்கொண்டது, 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் வரை இழுத்தது. சரி, சுறா இல்லாமல் சுறா படம் எப்படி எடுப்பது? முதல் காட்சியில் நீந்தும் பெண்ணை ஏதோ ஒன்று கீழிருந்து இழுக்கிறது, அவ்வளவுதான், சுறாவின் துடுப்புகூடத் தெரியாது. பிற்பாதியில் சுறாவின் உடலில் ஈட்டியால் மாட்டிவிட்ட, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் மஞ்சள் பீப்பாய்களைப் பார்த்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. மிச்சத்தை ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுர இசை பார்த்துக்கொண்டது. வெர்னா ஃபீல்ட்ஸின் படத்தொகுப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள் (ஆஸ்கர் வாங்கியவர் அவர்). பொம்மை பொம்மையாகத் தெரிவதற்குள் ஷாட்டை வெட்டாமல் விட்டிருந்தால் தியேட்டரில் சிரிப்புதான் கேட்டிருக்கும்.

பணத் தட்டுப்பாடும் இதே வேலையைச் செய்யும். 1978-ன் 'ஹாலோவீன்' குழு கொலைகாரனுக்காக ஒரு மலிவான கேப்டன் கிர்க் ('ஸ்டார் ட்ரெக்' கதாபாத்திரம்) முகமூடியை வாங்கி வெள்ளையடித்தது, உணர்ச்சியே இல்லாத அந்த முகம்தான் படத்தின் அடையாளம் ஆனது.

அதற்காக எல்லாத் தடங்கலும் உதவும் என்று இல்லை. பேய்ப் படமான 'தி எக்ஸார்சிஸ்ட்'டின் வீட்டு செட் தீப்பிடித்து வேலை வாரக்கணக்கில் நின்றது, அதனால் படத்துக்குக் கிடைத்தது 'சபிக்கப்பட்ட படம்' என்ற பேச்சு மட்டும்தான்.