34 நாட் காற்று என்றால் எத்தனை கிலோமீட்டர்? – கேள்வி பதில்

நாகப்பட்டினத்திலிருந்து: ஐயா, வானிலை அறிக்கையில் காற்று 34 நாட் என்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளே அதைவிட வேகமாகப் போகுமே! இதற்காகவா கடலுக்குப் போகாதே என்கிறார்கள்?

தம்பி, அது 34 கிலோமீட்டர் இல்லை. 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 63 வரும். இந்திய வானிலை ஆய்வுத் துறை ‘புயல்’ என்று அறிவிப்பதே அந்த வேகத்திலிருந்துதான். இன்னொன்றும் இருக்கிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 34 கிலோமீட்டர்தானே என்று நினைத்துப் படகை இறக்குபவர், எதிர்பார்த்ததைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு விசையில் போய் மாட்டுவார். தயவுசெய்து போகாதீர்கள்.

கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போட வழி உண்டா, அண்ணே?

உண்டு. நாட்டை இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 20 நாட் என்றால் 40, அதில் 4 போக 36. சரியான விடை 37.04. இந்த வழி எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும். காற்று விஷயத்தில் குறைத்துக் காட்டுவது ஆபத்து, அதனால் மேலே ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டரிலிருந்து நாட்டுக்கு வர, பாதியாக்கி அதோடு 8 சதவீதம் கூட்டுங்கள். 55இல் பாதி 27.5, கூட 2.2, ஆக 29.7. இது அச்சு அசலாகப் பொருந்தும். வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கொடுத்திருந்தால் 3.6ஆல் பெருக்க மணிக்குக் கிலோமீட்டர் கிடைக்கும். சும்மா இரட்டித்தாலே ஏறக்குறைய நாட்.

‘மணிக்கு 10 நாட்’ என்று எழுதலாமா?

கூடாது. மணிக்கு ஒரு கடல் மைல் போவதுதான் 1 நாட்.

கடல் மைலுக்கு ஏன் 1852 மீட்டர்? முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா?

பூமியை வைத்து அளந்தது அது. அட்சரேகையில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை, சராசரியாக அவ்வளவு நீளம். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் இடத்துக்கு இடம் சில மீட்டர் மாறும். பிரிட்டன் 1853 மீட்டரைச் சற்றுத் தாண்டிய அளவை வைத்திருந்தது. 1929இல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச மாநாடு 1852 என்று முடிவு செய்தது. அமெரிக்கா 1954இல்தான் ஏற்றது.

இதன் அருமை கடல் வரைபடத்தை விரித்தால் தெரியும். பக்கவாட்டிலுள்ள அட்சரேகை அளவில் கவராயத்தை வைத்தால் தூரம் நேராகக் கடல் மைலில் வந்துவிடும். மேலும் கீழும் உள்ள தீர்க்கரேகை அளவில் மட்டும் வைக்காதீர்கள், தூரம் தப்பும்.

விசைப்படகு ஓட்டுபவர்: ஜிபிஎஸ் 8 நாட் காட்டுகிறது. கரை 20 கடல் மைல். கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 20ஐ 8ஆல் வகுங்கள், இரண்டரை மணி நேரம். ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம், நீரோட்டமும் அதற்குள் அடக்கம். நீரோட்டம் திரும்பினால் நேரத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

மீனவர் எச்சரிக்கையில் ‘45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65’ என்கிறார்கள். எங்கள் படகின் காற்றுமானி நாட்டில் காட்டுகிறது.

24 முதல் 30 நாட், இடையிடையே 35. இதைக் காற்றுமானிக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.