கொழுப்புச் செல்லை மூலிகைச் சாறு கரைக்குமா?

கேள்வி: குடம்புளிச் சாறும் பச்சைத் தேயிலைச் சாறும் கலந்த மாத்திரை கொழுப்புச் செல்களைக் கரைக்கும், ஆய்வுக்கூடத்திலேயே நிரூபித்துவிட்டார்கள் என்கிறது விளம்பரம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கொழுப்புச் செல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே பெரிய எண்ணெய்த் துளிதான். உட்கரு ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும். லிபேஸ் நொதிகள் அந்த எண்ணெயை, அதாவது டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை, உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் விடுகின்றன. தசை அவற்றை எரிக்காவிட்டால் அவை திரும்பவும் டிரைகிளிசரைடாகிச் செல்லுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே உடைந்தாலே எடை குறைந்துவிடாது.

குடம்புளியில் உள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், மாவுச்சத்து கொழுப்பாக மாறும் பாதையில் ஒரு நொதியைத் தடுக்கிறது. ஆனால் சாதாரணமாகச் சாப்பிடும் மனிதருக்கு அந்தப் பாதையில் உருவாகும் கொழுப்பு கொஞ்சம்தான். சேர்வதில் பெரும்பங்கு உணவிலிருந்து நேராக வருவது. 1998-இல் வெளியான ஆய்வில் 135 பேருக்கு 12 வாரம் பரிசோதித்தார்கள். தினமும் 1,500 மி.கி. அமிலம் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

ஆய்வுக்கூட நிரூபணம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லின் மேல் சாற்றை நேராக ஊற்றுகிறார்கள். வாய்வழி போனால் குடலும் கல்லீரலும் பெரும்பகுதியை மாற்றி வெளியேற்றிவிடும். உதாரணமாக, மஞ்சளில் உள்ள குர்குமினைக் கிராம் கணக்கில் விழுங்கினாலும் இரத்தத்தில் மிகச் சிறிதளவே எட்டுகிறது.

பச்சைத் தேயிலையால் குறையும் எடையும் சொற்பமே. கவலை கல்லீரலைப் பற்றித்தான். அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற வேதிப்பொருளை நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. வெறும் வயிற்றில் போட்டால் இரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். டப்பாவில் '500 மி.கி. சாறு' என்று மட்டும் இருந்தால் இ.ஜி.சி.ஜி. எவ்வளவு என்று தெரியாது. குடம்புளி மாத்திரைகளாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தவற்றை அடியோடு தவிருங்கள். ஏற்கெனவே எடுத்துவருபவருக்குச் சிறுநீர் அடர்நிறமானாலோ, கண் மஞ்சளானாலோ, வலப்பக்க மேல்வயிறு வலித்தாலோ மாத்திரையை உடனே நிறுத்தி, கல்லீரல் நொதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேநீராகக் குடிப்பதில் இந்த அபாயம் மிகக் குறைவு.

கேள்வி: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறேன். எடை குறைய, மரமஞ்சள் போன்ற செடிகளிலிருந்து எடுக்கும் பெர்பெரினும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: மருத்துவரிடம் சொல்லாமல் கூடாது. ஆய்வுகளில் பெரும்பாலும் 500 மி.கி. வீதம் தினம் 2 அல்லது 3 வேளை கொடுத்திருக்கிறார்கள். எடை இறங்கியது கொஞ்சம்தான். மெட்ஃபார்மினைப் போலவே இதுவும் வயிற்றுப்போக்கைத் தரும், இரண்டும் சேர்ந்தால் தொல்லை கூடும். சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கூடவே எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். சில மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும் பெர்பெரின் தடுக்கிறது. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் இதனால் இரத்தத்தில் ஏறிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொடவே கூடாது. பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை இது விடுவித்து மூளையைப் பாதிக்கும் அளவுக்கு மஞ்சள் காமாலையை முற்றவைக்கக்கூடும்.